அப்பாவின்ரை கையெழுத்தும் வேணுமாம்

என் அம்மா ராசமலர் ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். இந்த ஆண்டு பெப்ரவரி பத்தாம் திகதி, தான் வேலை செய்த முதியோர் இல்லத்தின் சலவை அறையில் விழுந்தார். மூளையில் இரத்தக்கசிவு. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வயது ஐம்பத்திரண்டு. நான் அவருடைய ஒரே மகள். மின்பொறியியல் படித்தவள். அவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், எங்கே தொடங்கினாலும் ஒரு செவ்வாய்க்கிழமையில்தான் வந்து நிற்கிறேன். அந்த நாளில் நான் செய்ததைச் சொல்லாமல் அம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

கலியாணத்துக்கு முன் அம்மா வங்கியில் வேலை செய்தவர். யாழ்ப்பாணத்தில், கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கி ஒன்றில் ஐந்து ஆண்டுகள் லிகிதராக இருந்தார். வெங்காயம் விற்கிற, மீன் விற்கிற பெண்களுக்குக் கணக்குத் திறந்து கொடுப்பது அவருடைய மேசையின் வேலை. "பெருவிரல் மை காயமுதல் புத்தகம் கையிலை இருக்கும்," என்பார். அந்த வேலையைப் பற்றி அவர் பேசியது குறைவு. பேசினால் அந்த ஒரு வசனத்தில் முடித்துவிடுவார். 1983இல் கலியாணம். வேலை நின்றது.

அப்பாவின் பெயர் ஜெயரத்தினம். 1986இல் நோர்வேக்கு வந்தார். அம்மாவும் நானும் 1988இல் வந்தோம். எனக்கு அப்போது நாலு வயது. வடக்கே ஒரு துறைமுக ஊரில் இருவருக்கும் மீன் தொழிற்சாலையில் வேலை. முதல் நாள் மேற்பார்வையாளர் ஒரு படிவம் நீட்டினாராம். சம்பளம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும்? வீட்டில் இருந்தது ஒரே கணக்கு, அப்பாவுடையது. அம்மா அந்த இலக்கத்தை எழுதினார். 1993இல் ஒஸ்லோவுக்கு வந்து முதியோர் இல்லத்தில் சேர்ந்தபோதும் அதே இலக்கம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த பல வீடுகளில் அப்படித்தான் இருந்தது.

அப்பா கெட்டவர் இல்லை. ஒரு ஹோட்டலின் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை அவருக்கு. குடிப்பதில்லை. அம்மா கேட்டு அவர் கொடுக்காமல் விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கொடுக்கும் முன் "என்னத்துக்கு?" என்று கேட்பார், அவ்வளவுதான். சந்தேகத்தில் கேட்பது அல்ல, பழக்கம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் ஒரு பதில் இருக்கவேண்டும். பனிக்காலச் சப்பாத்து வாங்கவேண்டும் என்றால் முதலில் என்னிடம் சொல்லிப் பார்ப்பார். "அடி தேஞ்சுபோச்சு, வழுக்குது எண்டு சொல்லவோ? இல்லாட்டி மலிவு விற்பனை எண்டு சொல்லவோ?" நான் ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்வேன். பதில் சரியாக வந்த பிறகே அப்பாவிடம் போவார்.

இந்த நாட்டில் வங்கி அட்டையின் பின்புறத்தில் ஆளின் படமும் பிறந்த திகதியும் இருக்கும். அதுவே அடையாள அட்டையாகப் பயன்படும். அம்மாவிடம் அது இல்லாததால், தபாலகத்தில் ஒரு பொதி எடுக்கவும் கடவுச்சீட்டோடு போவார். அதை ஒரு பிளாஸ்ரிக் பையில் இரண்டு மடிப்பு மடித்துக் கைப்பையில் வைத்திருப்பார். "நான் தபால் கந்தோருக்கும் விமானம் ஏறப்போற மாதிரித்தான் போறனான்," என்று அவரே சிரிப்பார்.

2003இல் எனக்குத் துரொண்ட்ஹைமில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. ஒஸ்லோவிலிருந்து ரயிலில் ஏழு மணிநேரம். அதுவரை என்னிடம் இருந்தது சிறுவர் கணக்கு, அப்பா கையெழுத்திட்டுத் திறந்தது. இனி படிப்புக்கடன் வரவேண்டும், வாடகை கட்டவேண்டும், அட்டையும் இணைய வங்கியும் வேண்டும். ஆக என் பெயரில் மாணவர் கணக்கு ஒன்று திறக்கவேண்டியிருந்தது. அப்பாவுக்கு அன்று வேலை. அம்மா லீவு எடுத்துக்கொண்டு வந்தார். வங்கி வேலை என்றால் தான் இல்லாமல் முடியாது என்று அவருக்கு ஒரு எண்ணம்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. வங்கி மூன்று மணிக்கு மூடும். நாங்கள் இரண்டேகாலுக்குப் போய் இலக்கச் சீட்டு எடுத்து உட்கார்ந்தோம்.

"மூண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்குது," என்றார் அம்மா. "இவங்களுக்கும் தெரியும் போலை. சரியா மூண்டுக்குப் பூட்டுறாங்கள்."

"அது ஊர் நேரம் அம்மா. இஞ்சை சூரியன் ஐஞ்சரைக்கு உதிச்சு ஒன்பது மணி தாண்டித்தான் மறையுது. கணக்குப் பாத்தால் ராகுகாலம் எங்கையோ போய் நிக்கும்."

"உன்ரை கணக்கை ராகுவுக்குப் போய்ச் சொல்லு."

எங்கள் இலக்கம் வந்தது. மேசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். அனுமதிக் கடிதம், கடவுச்சீட்டு, படம் எல்லாவற்றையும் கொடுத்தேன். அம்மா அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தாளை எங்கே வைக்கிறார், எதில் முத்திரை குத்துகிறார் என்று.

"என்ன, புத்தகம் இல்லையோ?"

"புத்தகம் இல்லை அம்மா. எல்லாம் இணையத்திலை."

"அப்ப ஆள் என்னத்தைக் கையிலை கொண்டு போறது?"

இணைய வங்கிக்கான சிறு கருவியைக் காட்டினேன். அழுத்தினால் ஆறு இலக்கம் வரும். வாங்கி ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு என் கையில் வைத்துவிட்டு, "கையெழுத்தை ஒரேமாதிரிப் போடு," என்றார். "இண்டைக்குப் போடுறது சாகுமட்டும் உன்னோடை வரும். வளைச்சு நெளிச்சுப் போட்டுட்டுப் பிறகு மறந்துபோவாய். எத்தினை பேரைப் பாத்திருக்கிறன்."

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அட்டை துரொண்ட்ஹைம் முகவரிக்கு வரும் என்று அந்தப் பெண் சொன்னார். வேலை முடிந்தது. நான் எழும்பினேன். அம்மா எழும்பவில்லை.

"பிள்ளை, ஒருக்காக் கேள். எனக்கும் ஒண்டு திறக்கலாமோ எண்டு. என்ன கடுதாசி வேணும்?"

"உங்களுக்கு என்னத்துக்கு?"

அது அப்பாவின் கேள்வி. என் வாயிலிருந்து வந்தது. அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது.

"உன்னட்டை வாறதுக்கு. மலிவு ரெயில் டிக்கெற் இணையத்திலைதானாம், காட் இருந்தால்தான் எடுக்கலாமாம். வேலையிடத்திலை சொன்னவை. எனக்கெண்டு காட் இருந்தால் நானே எடுத்துக்கொண்டு வந்து ரெண்டு நாள் நிண்டிட்டு வருவன். ஆரையும் கேக்கத் தேவையில்லை." பிறகு, "என்ரை பேரிலை ஒண்டு இருக்கட்டுமே," என்றார்.

நான் அந்தப் பெண்ணிடம் நோர்வேஜிய மொழியில் கேட்டேன். அதைச் சரியாகத்தான் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்து, மெதுவாக, அம்மாவுக்கே சொல்வதுபோலச் சொன்னார்: கடவுச்சீட்டு இருந்தால் போதும், பத்து நிமிட வேலை, இப்போதே செய்யலாம். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பத்துநாலு. கடவுச்சீட்டு என்பதற்கான சொல் அம்மாவுக்குத் தெரியும். பிளாஸ்ரிக் பையை வெளியே எடுத்து மடிப்பைப் பிரித்துவிட்டார்.

இந்த இடத்தில் அந்த ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் குடியிருப்பில் சத்தியபாமா என்றொரு அன்ரி இருந்தார். வசந்தகாலத்தில் தன் பெயரில் கொன்டோ, அதாவது வங்கிக் கணக்கு, ஒன்று திறந்தார். இரண்டு மாதத்தில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேறு வீடு போனார். "முதல்லை கொன்டோ, பிறகு கதவு," என்று சனம் சொல்லிச் சிரித்தது. எங்கள் வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் அந்தக் கதை வந்தது.

"உதெல்லாம் வங்கியிலைதான் தொடங்கிறது," என்றார் அப்பா.

"அவள் அடி வாங்கினதிலை தொடங்கினது," என்றார் அம்மா.

அப்பா தண்ணீரை எடுத்துக் குடித்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டார். நான் இருவரையும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். எனக்குப் பத்தொன்பது வயது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நாலு நாள் கழித்து நான் வீட்டை விட்டுப் போகவேண்டும். போகும்போது வீடு இருந்தபடி இருக்கவேண்டும் என்பது மட்டுமே எனக்குத் தேவையாக இருந்தது.

அம்மா கடவுச்சீட்டை மேசையில் வைக்கக் கையை நீட்டினார்.

"அப்பாவின்ரை கையெழுத்தும் வேணுமாம்," என்றேன்.

கை நின்றது.

"அப்பிடியோ?"

"ஓம்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அம்மா இன்னொரு நாள் வருவார் என்று நோர்வேஜிய மொழியில் அவரிடம் சொன்னேன். இரண்டு மொழியில் இரண்டு பொய். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மா கடவுச்சீட்டைப் பையில் வைத்து இரண்டு மடிப்பு மடித்தார். அந்தப் பெண்ணுக்குத் தனக்குத் தெரிந்த மொழியில் நன்றி சொன்னார். வெளியே வந்ததும், "மழை வரப்போகுது, கெதியா நட," என்றார். இரவு அப்பா வந்து, "எல்லாம் சரியோ?" என்று கேட்டார். "ஓம், பிள்ளைக்குத் திறந்தாச்சு," என்றார் அம்மா. அவ்வளவுதான்.

பழுது எங்கே என்று தேடுவது என் தொழில். இதையும் அப்படித் தேடிப் பார்த்தேன். அம்மா நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கணக்குத் திறந்தவர். புருசனின் கையெழுத்தை யாரிடமும் கேட்டதில்லை. பதினைந்து ஆண்டு இந்த நாட்டில் இருந்தவர். கடவுச்சீட்டு என்ற சொல்லைக் கேட்டவர், கணவன் என்ற சொல் வரவில்லை என்பதையும் கேட்டிருப்பார். அப்படியானால் நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்நியப் பெண் ஒருத்தியின் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அல்லது, புதிய நாட்டில் புதிய சட்டம் இருக்கலாம், மகள் படித்தவள், அவளுக்குத் தெரியும் என்று நம்பினார். எது என்று சோதித்துப் பார்க்க இனி வழி இல்லை.

துரொண்ட்ஹைமில் ஐந்து ஆண்டுகள் இருந்தேன். அம்மா அங்கே வந்தது ஒரே ஒரு தடவை. 2006 மே மாதம், அப்பாவோடு, காரில். சனி மாலை வந்தார்கள். ஒரு சூட்கேஸ் நிறையச் சாப்பாடு. அம்மா என் அறையின் யன்னலைத் திறந்து பார்த்தார், மெத்தையை அமுக்கிப் பார்த்தார், பொதுச் சமையலறையில் என் பெயர் ஒட்டிய தட்டைக் கண்டுபிடித்து அதைக் கழுவித் துடைத்தார். அப்பா காரை எங்கே நிறுத்தினோம், தண்டம் எழுதுவார்களோ என்று இரண்டு தடவை கீழே போய் வந்தார். ஞாயிறு காலை பத்து மணிக்குப் புறப்படவேண்டும் என்றார். அவருக்குத் திங்கள் அதிகாலை வேலை.

"நீங்கள் போங்கோ," என்றார் அம்மா. "எனக்குப் புதன்கிழமைதானே வேலை. ரெண்டு நாள் பிள்ளையோடை நிண்டிட்டு ரெயிலிலை வாறன்."

"ரெயிலுக்கு ஏன் வீண் காசு? காரிலை இடம் சும்மா கிடக்குது."

அப்பா அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. அவருக்கு அது வெறும் கணக்கு. அம்மா என்னைப் பார்த்தார். என் சட்டைப் பையில் வங்கி அட்டை இருந்தது. மடிக்கணினி மேசையில் திறந்தே கிடந்தது. ஐந்து நிமிடத்தில் டிக்கெற் எடுத்திருக்கலாம். திங்கட்கிழமை எனக்கு ஒரு பரீட்சை இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கார்க் கதவைத் திறந்து ஏறினார். ஏறியபின் கண்ணாடியை இறக்கி, "குளிர்பெட்டியிலை சம்பல் இருக்கு, மற்றப் பிள்ளையளுக்கும் குடு," என்றார்.

அவர் சம்பாதித்த ஆள். இதை எழுதும்போது அது எனக்கே புதிதாகத் தெரிகிறது. வடக்கே ஐந்து ஆண்டு மீன் வெட்டினார். குரோருட்டில் பதினாறு ஆண்டு முதியவர்களின் துணிகளைத் துவைத்து மடித்தார். ஒரு நாளும் பிந்திப் போனதில்லை என்று அவருடைய மேலதிகாரி செத்தவீட்டில் சொன்னார். இல்லத்தில் இருந்த ஒரு கிழவர், தன் சட்டைகளை அம்மா மட்டுமே மடிக்கவேண்டும் என்று அடம்பிடிப்பாராம். அம்மா அதை எங்களிடம் சொன்னதில்லை. வீட்டில் அவர் சொன்னதெல்லாம் "இண்டைக்குக் கனக்க உடுப்பு" என்பதுதான்.

2008இல் படிப்பை முடித்துக்கொண்டு ஒஸ்லோவுக்குத் திரும்பினேன். மின்விநியோக நிறுவனம் ஒன்றில் வேலை. நவம்பரில் ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போனோம். அவருக்கு ஒரு குளிர்க்கோட்டு வாங்க என் அட்டையை நீட்டினேன். காசாளர் பெண் அட்டையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். அம்மாவும் எட்டிப் பார்த்தார்.

"வடிவாத்தான் விழுந்திருக்கிறாய்," என்றார்.

வெளியே கோப்பி குடிக்கும்போது சொன்னேன். "அம்மா, உங்களுக்கும் ஒரு கொன்டோ திறப்பம். நான் கூட்டிக்கொண்டு போறன்."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன், சட்டம் மாறிட்டுதோ?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. சிரிப்பும் இல்லை, குத்தலும் இல்லை. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் இருபத்துநாலு வயதுப் பொறியியலாளர். கையில் சம்பளம். அம்மா எனக்கு எதிரே, மூன்றடி தூரத்தில்.

"ஓம்," என்றேன். "மாறிட்டுது."

"நல்லது," என்றார். கோப்பையை எடுத்துக் குடித்தார். பிறகு, "அப்ப ஒரு நாளைக்குப் போவம்," என்றார்.

வங்கி வார நாட்களில் மூன்று மணிவரைதான். ஜனவரியில் ஒரு நாள் பார்த்தோம், அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு ஒரு நாள் பார்த்தோம், எனக்கு ஒரு கூட்டம் வந்தது. அதற்குப் பிறகு பெப்ரவரி பத்து.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு திரும்பவில்லை. இரவு முழுவதும் நானும் அப்பாவும் இரண்டு பக்கமும் இருந்தோம். அப்பா அவர் காதுக்குள் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல இருந்தது அந்த ஒன்றுதான். அப்பா எதிரே இருந்தார்.

மார்ச் மாதம் நீதிமன்ற அலுவலகம் ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. ஒருவர் இறந்தால் அவருடைய உடைமைகளைக் குடும்பம் பொறுப்பேற்பதற்கு ஒரு பத்திரம் எடுக்கவேண்டும். அப்பாவுக்கு மொழி அவ்வளவு வராது. அவர் வேலை செய்யும் சமையலறையில் எல்லோரும் வெளிநாட்டவர். நான் கூடப் போனேன். அலுவலர் என் வயதுப் பெண். படிவத்தை ஒவ்வொரு பகுதியாகக் கேட்டு நிரப்பினார். வீடு யார் பெயரில், கார் யார் பெயரில். அடுத்த பகுதி, இறந்தவரின் வங்கிக் கணக்குகள்.

"இல்லை," என்றேன்.

"எந்த வங்கியிலும்?"

"எந்த வங்கியிலும் இல்லை."

"இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார் என்றீர்களே. சம்பளம் எங்கே போனது?"

"என் அப்பாவின் கணக்குக்கு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். இந்தக் கேள்வி படிவத்தில் இல்லை, மன்னிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: "தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டதே இல்லையா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்னவாம்?"

ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது நன்றாக வரும். ஆனால் அந்தப் பெண் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். அம்மா கேட்டது, வங்கிப் பெண் சொன்னது, நான் மாற்றிச் சொன்னது. அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னட்டைக் கேட்டிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பனே."

"கையெழுத்து ஒண்டும் தேவையில்லை அப்பா. ஒருத்தரின்ரையும் தேவையில்லை. அது நான் சொன்ன பொய்."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"நீங்கள் கோவிப்பியள் எண்டு."

அவர் உடனே மறுக்கவில்லை. மறுப்பார் என்று நினைத்தேன். மேசையின் ஓரத்தைப் பார்த்தபடி யோசித்தார். வேறு யாரோ ஒருவரைப் பற்றி யோசிப்பதுபோல நேரம் எடுத்துக்கொண்டார்.

"கோவிச்சுத்தான் இருப்பன்," என்றார் கடைசியில். "ரெண்டு நாள் கதைச்சிருக்க மாட்டன். பிறகு சரியாகியிருப்பன்."

"ரெண்டு நாளோ?"

"ரெண்டு நாள். மிஞ்சினால் மூண்டு."

சொல்லிவிட்டு அவர் அழுதார். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவருடைய முதுகில் கை வைத்தேன். அலுவலர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

"கேட்டார்," என்று நோர்வேஜிய மொழியில் அவரிடம் சொன்னேன். "ஒரு தடவை என்னிடம் கேட்டார்."